83 பரிசோதனை, 3 குழாய் ரத்தம்

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஆய்வகத்தின் 'முழு உடல் பரிசோதனை'த் திட்டத்தில் சேரலாமா என்று நண்பர் கேட்டார். விலையைக் குறைத்திருக்கிறார்களாம். நான்கு ஆண்டுகளாக அம்மாவின் சர்க்கரைக்கு நான் நம்பியிருப்பது அவர்களைத்தான்.

ரத்தம் எடுக்க வரும் தம்பியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆறரை என்றால் ஆறரை. மருத்துவமனையில் அம்மாவின் இரண்டு கைகளிலும் குத்திப் பார்த்துவிட்டுப் புறங்கைக்குப் போவார்கள். இவர் முழங்கை மடிப்பை விரலால் தடவுவார், ஊர்க்கதை கேட்பார், அதற்குள் ஊசி இறங்கியிருக்கும். சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய், சர்க்கரையின் மூன்று மாத சராசரிக்கும் ரத்த அணுக்களுக்கும் ஊதா, மற்றவற்றுக்கு மஞ்சள். "முடிந்தது பாட்டி, காப்பி குடியுங்கள்."

என் எரிச்சல் அந்த எண்ணிக்கையில்தான். போன ஆண்டு 68 பரிசோதனை, இப்போது 83. குழாய் அதே மூன்று. பேனாவும் கையுமாக அறிக்கையோடு உட்கார்ந்தேன். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 160, அதை ஐந்தால் வகுத்து விஎல்டிஎல் என்ற இன்னொரு வகை 32, அது ஒரு பரிசோதனை. மொத்தக் கொழுப்பு 190இல் 'நல்ல கொழுப்பு' ஹெச்டிஎல் 42ஐயும் அந்த 32ஐயும் கழித்து 'கெட்ட கொழுப்பு' எல்டிஎல் 116, அது இன்னொன்று. 1972இல் வெளியான ஃப்ரீட்வால்டு சூத்திரம் அது. உலகமே பயன்படுத்துகிறது, சரி. ஆனால் கழித்தலுக்குப் பெயர் பரிசோதனையா? மொத்தப் புரதத்தில் ஆல்புமின் போக மிச்சம் குளோபுலின். மூன்று மாத சராசரி 7.2ஐ 28.7ஆல் பெருக்கி, 46.7 கழித்து, 'சராசரி குளுக்கோஸ் 160' என்று தனி வரி. இப்படிப் பதினேழு வரை எண்ணிவிட்டு, ரத்த அழுத்தம் எனக்கும் ஏறும் என்று நிறுத்திக்கொண்டேன்.

மருத்துவர் பார்த்தது நான்கே வரி. சிவப்பு எழுத்தில் இருந்த வைட்டமின் டியைப் பார்த்தது ஆய்வகத்தின் விற்பனைப் பிரிவு. அறிக்கை வந்த ஒரு மணி நேரத்தில் தொலைபேசியில் அடுத்த திட்டத்தோடு வந்துவிட்டார்கள்.

சரி, அந்த நான்கை மட்டும் எடுக்கலாமே என்று விலை கேட்டேன். திட்டத்தைவிட அதிகம்! ரத்தம் இயந்திரத்துக்குள் போன பிறகு கூடுதலாக ஒன்றைச் சோதிக்கச் சில துளி ரசாயனம் போதும். கழித்தலுக்கு அதுவும் வேண்டாம். ஆள் அனுப்புவதில்தான் செலவு. அவர்கள் கணக்கும் புரியாமல் இல்லை.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வியாழக்கிழமை காலை பதிவு செய்திருக்கிறேன், அதே தம்பிதான் வருவார் என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு.