ஓட்டில் 1865 என்று இருந்தால் வீடும் 1865-ஆ? ஃபோர்ட் கொச்சியில் ஏமாந்த கதை

ஃபோர்ட் கொச்சியில் 'ஹெரிடேஜ்' ரூமுக்குப் பணம் போடப் போகிறவர்கள், போடும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். மாமனார் ஐம்பது வருஷம் ஆசாரி வேலை பார்த்தவர். அவருக்குப் பிடிக்குமே என்று, பழைய டச்சு பங்களா, தேக்குத் தூண், நடுமுற்றம் என்றெல்லாம் படம் போட்டிருந்த ஒரு சின்ன ஹோட்டலை புக்கிங் சைட்டில் பிடித்தேன். ஒரு ராத்திரிக்கு 6,800. அன்று சாயங்காலமே ஹோட்டலிலிருந்து போன். "சைட்டில் கேன்சல் செய்துவிட்டு நேராக ஜிபே பண்ணுங்க சேச்சி, 6,000-க்குத் தரேன்." இரண்டு ராத்திரிக்கு 12,000 போட்டேன். புத்தி கெட்ட வேலை. இனி என்ன நடந்தாலும் அந்த சைட்டுக்காரர்கள் பொறுப்பில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

போனால், படத்தில் இருந்த பங்களாவில் ரூம் இல்லையாம். எதிர்ச் சந்தில் 'அனெக்ஸ்'. ஒரு பெரிய அறையை நடுவில் போர்டு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். பக்கத்து ரூம்காரர் இருமினால் நமக்குத் தொண்டை கரகரக்கும். ஜன்னலைத் திறந்தால் சமையலறைப் புகை. மாமனார் தூணை விரலால் தட்டிப் பார்த்தார். "அம்மிணி, இது தேக்கு இல்ல. இரும்புக் குழாய்க்கு ப்ளைவுட் சுத்தி வெனீர் ஒட்டியிருக்கான்." தரையில் இருந்தது மரம் அல்ல, மரம் போல அச்சடித்த வினைல் ஷீட். சுவரில் பெயிண்ட் பொரிந்து, பூசண வாடை. கேட்டால், "ஹெரிடேஜ் அல்லே சேச்சி, அங்ஙனெயொக்கெ உண்டாகும்." பழசு என்றால் அப்படித்தானாம்! சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், அதன் மேல் சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் இப்படித்தான் பொரியும் என்று மாமனார் பாடமே எடுத்தார். ரிசப்ஷன் பையனுக்கு அதில் ஆர்வம் இல்லை.

பங்களாவின் வயசுக்குச் சான்றாக அவன் காட்டியது ரிசப்ஷனில் கண்ணாடிக்குள் வைத்திருந்த ஒரு கூரை ஓடு. அதில் '1865' என்று பதிந்திருந்தது. மாமனாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது. பின்னால் செய்த ஓடுகளிலும் அதையே பதித்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் மாட்டுக்கொட்டகையும் 1865-தான்.

ஒரு ராத்திரியோடு கிளம்பிவிட்டோம். மீதிப் பணம் கிடையாது என்றார்கள். அதற்கு மேல் 'சர்வீஸ் சார்ஜ்' 1,200. அதைக் கட்டும் வரை மாமனாரின் ஆதார் அட்டையைத் திருப்பித் தரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கட்டினேன். கையில் எழுதிய பில், ஜிஎஸ்டி எண்கூட இல்லை.

வீட்டுக்கு வந்துதான் விசாரித்தேன். ஹோட்டலோ உணவகமோ சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியிருக்கிறது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். ஒன்பதாம் நாள் 1,200 திரும்ப வந்தது. 6,000 வரவில்லை.

வழக்குப் போட எர்ணாகுளம் வரை அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நல்லவேளை, கிளம்பும் முன் தூண், சுவர், பில் எல்லாவற்றையும் படம் எடுத்திருந்தேன். அப்புறம், கேன்சல் செய்யச் சொன்னதை வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்தார்கள், அதுவும் இருக்கிறது. பாலக்காட்டில் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தூணைப் பற்றிய பத்தியை மட்டும், தான் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும் என்று மாமனார் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.