சுமையோடு மூன்று சக்கரத்தில்: ரிகம்பென்ட் ட்ரைக்கில் நெடும்பயணம்

ரிகம்பென்ட் ட்ரைக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் இருக்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னே நீட்டிப் பெடல் மிதிக்கும் மூன்று சக்கர வண்டி என்பதால் சொகுசு என்ற சொல்தான் முதலில் வாயில் வருகிறது. அது உண்மைதான். ஆனால் கூடாரம், படுக்கை, அடுப்பு, உடை, தண்ணீர், கருவிகள் என்று 20 கிலோவுக்கு மேல் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் போகிறவருக்கு இந்த வண்டி தரும் பெரிய வரம் வேறு. எவ்வளவு மெதுவாகப் போனாலும் விழமாட்டீர்கள். பல ஆண்டுகளாக இதில் சுமையோடு போய்வந்த எனக்கு மற்ற நன்மைகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இரண்டு சக்கர சைக்கிளில் சுமையோடு செங்குத்தான ஏற்றம் ஏறும்போது, வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஹேண்டில்பார் தள்ளாடத் தொடங்கும். நேராக ஓட்டுவதற்கே பாதித் தெம்பு செலவாகும். கடைசியில் இறங்கித் தள்ளவேண்டி வரும். ட்ரைக்கில் அப்படி ஒரு கீழ் எல்லையே இல்லை. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 26 பல், பின்னால் 34 பல், பின்சக்கரம் 20 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு முழுச் சுற்று வந்தால் வண்டி ஏறத்தாழ 1.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடக்கிற வேகம்தான். ஆனாலும் முழங்கால் இலகுவாகச் சுற்றுகிறது, மூச்சு சீராக இருக்கிறது, கண் சாலையோரத்தைப் பார்க்கிறது. களைத்துப்போனால் ஏற்றத்தின் நடுவிலேயே பிரேக்கைப் பிடித்து நின்றுவிடலாம். காலைப் பெடலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, அதே இடத்தில், அதே கியரில் மறுபடி மிதிக்கத் தொடங்கலாம். சுமை வண்டியை நடு ஏற்றத்தில் கிளப்புவது எவ்வளவு பெரிய பாடு என்று இரண்டு சக்கரத்தில் அதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வரம் கியர் சரியாக இருந்தால்தான் கிடைக்கும். அதே பற்களோடு பின்சக்கரம் மட்டும் 26 அங்குலமாக இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர், அதே 60 சுற்றுக்கு வேகம் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சமதரையில் இது அற்பம். சுமையோடு நீண்ட ஏற்றத்தில் முழங்கால் தாங்குவதும் தாங்காததும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ட்ரைக்கில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. உடல் எடையைப் பெடல் மேல் போட வழியில்லை. அதே சமயம் முதுகு இருக்கையில் முட்டுக்கொடுத்து நிற்பதால், நம் எடையைவிட அதிகமான விசையில்கூடக் காலால் தள்ளிவிட முடியும். அங்கேதான் ஆபத்து. கடினமான கியரில் பிடிவாதமாகத் தள்ளுகிறவரின் முழங்கால் மறுநாள் காலையில் பேசும். பல ட்ரைக்குகளில் மிகச் சிறிய முன் பல்சக்கரமே 30 பல் கொண்டதாக இருக்கிறது. வெறும் வண்டிக்கு அது போதும். சுமைப் பயணத்துக்கு வாங்குகிறவர் முதலில் மாற்றவேண்டிய உதிரிப்பாகம் அதுதான் என்பது என் திடமான கருத்து.

என்னுடையது டேட்போல் வகை: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று இருப்பது டெல்டா. டெல்டாவில் உட்காருவதும் எழுவதும் எளிது. பின்னால் சாமான் வைக்க இடமும் தாராளம். வளைவிலும் இறக்கத்திலும் டேட்போல்தான் சாலையைக் கெட்டியாகப் பிடிக்கிறது. அதனால் நீண்ட தூரத்துக்கு அதையே விரும்புகிறேன்.

டேட்போலில் ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. செயின் இழுப்பதோ பின்சக்கரத்தை. வெறும் வண்டியில் ஈரமான ஏற்றத்திலோ சரளைக்கல்லிலோ பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வது இதனால்தான். பின்னால் சுமை ஏற்றியதும் அந்தப் பிடிமானம் வந்துவிடுகிறது. சுமை ஏறிய பிறகு ஒழுங்காக நடந்துகொள்ளும் வண்டி இது என்றே சொல்வேன். ஆனால் எங்கே ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. தண்ணீர், கருவிகள், எரிபொருள், உணவு ஆகிய கனமானவை இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக இருக்கவேண்டும். பக்கவாட்டுப் பைகள் இதற்காகவே இருக்கின்றன. கேரியரின் மேல் தூங்கும் பை போன்ற லேசானவை மட்டும். இந்த வண்டி வளைவில் சாயாது. கனத்தை உயரத்தில் கட்டினால் வளைவில் உள்பக்கத்து முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். உடலை வளைவின் உள்பக்கம் சாய்த்து ஓட்டினால் கொஞ்சம் தணியும்; சுமையைத் தாழ்த்திக் கட்டுவதற்கு அது மாற்றாகாது.

சாயாத வண்டி என்பதால் சக்கரங்கள் பக்கவாட்டு விசையை நேரடியாகத் தாங்குகின்றன. பெரிய சக்கரத்தின் நீண்ட ஆரக்கம்பிகள் அதற்கு வளைந்துகொடுக்கும். 20 அங்குலச் சக்கரம் குட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் சுமைப் பயணத்துக்கு மூன்றுமே 20 அங்குலமாக இருப்பது நல்லது. ஒரே அளவு ட்யூப், ஒரே அளவு டயர் எடுத்துப்போனால் போதும் என்ற கூடுதல் லாபமும் உண்டு. இதில் ஒரு தொல்லை: சிறிய பின்சக்கரத்தில் கியர் மாற்றும் கருவி தரைக்கு வெகு அருகில் தொங்கும். உயரமான புல், சேறு, சரளை எல்லாம் அதில்தான் மாட்டும். மண் பாதையில் போகும் நாள்களில் மாலையில் அதைத் துடைத்து எண்ணெய் விடுவது தவறக்கூடாத வேலை.

டயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரம் பின்விளிம்புகளுக்கு இடையிலான தூரத்துக்குச் சமமாகவோ, ஓரிரு மில்லிமீட்டர் குறைவாகவோ இருக்கலாம். இது கலைந்தால் இரண்டு டயர்களும் ஓயாமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே உருளும். ஒரு பயணத்தில் சுமையோடு ஆழமான குழியில் முன்சக்கரம் ஒன்று இடித்து இறங்கியது. வண்டி வழக்கம்போலவே ஓடியது, எந்தச் சத்தமும் இல்லை. சமதரையில் மட்டும் ஏனோ கனமாக இருந்தது. மாலையில் டயரைத் தடவிப் பார்த்தபோது ரப்பரின் ஒரு பக்கம் விரலில் மரத்தூள் மாதிரி ஒட்டியது. கூடாரத்துக் கம்பு ஒன்றை எடுத்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அச்சின் உயரத்தில் முன்னால் வைத்து ஒரு குறி, அதே உயரத்தில் பின்னால் வைத்து ஒரு குறி போட்டேன். இரண்டு குறிகளும் நன்றாகவே விலகியிருந்தன. முன்சக்கரங்களை இணைக்கும் கம்பியின் நட்டைத் தளர்த்தி, கம்பியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, குறிகள் நெருங்கும்வரை அளந்துகொண்டே இருந்தேன். மறுநாள் வண்டி பழையபடி லேசாக ஓடியது. அளப்பதற்கு ஒரு நேரான கம்பு, திருப்ப இரண்டு ஸ்பேனர். இந்த வேலை தெரியாமல் சுமையோடு நீண்ட பயணம் கிளம்பக் கூடாது.

பஞ்சர் இதைவிட எளிது, முன்சக்கரத்தில் மட்டும். முன்சக்கரங்கள் ஒருபக்க அச்சில் நிற்பதால் சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒரு பக்கமாக உரித்து ட்யூபை வெளியே எடுத்துவிடலாம். அச்சுக்குக் கீழே ஒரு கல்லையோ பையையோ முட்டுக்கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கிவைத்தால் போதும். பின்சக்கரம் அப்படியல்ல. சுமையை எல்லாம் இறக்கி, வண்டியைக் கவிழ்த்து, செயினோடு மல்லுக்கட்டவேண்டும். ஆகவே கனமானாலும் பரவாயில்லை என்று பஞ்சர் தாங்கும் தடித்த டயரைப் பின்னால் போட்டுவிடுகிறேன்.

செயினின் நீளம் பார்ப்பவர்களை மலைக்கவைக்கும். சாதாரண சைக்கிள் செயின்கள் மூன்றை இணைத்த அளவுக்கு இருக்கும். குழாய்களுக்குள்ளும் சிறு உருளைகளின் மேலும் ஓடி வருகிறது. தேய்மானம் அத்தனை கண்ணிகளுக்கும் பங்கிடப்படுவதால் அது நெடுநாள் உழைக்கிறது. இணைப்புக் கண்ணிகள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

இறக்கத்தில் நிதானம் வேண்டும். முன்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனிப் பிரேக், கைக்கு ஒன்று. இரண்டையும் சமமாகப் பிடிக்கப் பழகவேண்டும். ஒன்றை மட்டும் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பின்சக்கரத்தில் இருப்பது பொதுவாக நிறுத்தி வைப்பதற்கான பிரேக் மட்டுமே. அதனால் முழுச் சுமையின் வேகத்தையும் இரண்டு முன் பிரேக்குகளே வெப்பமாக மாற்றியாகவேண்டும். நீண்ட இறக்கத்தில் விடாமல் அழுத்திக்கொண்டே வராமல், நேர்ச்சாலையில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து விடுகிறேன்; நடுநடுவே நின்று ஆறவைக்கிறேன். சுமையோடு இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை என்பது நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வேகம் கூடக்கூட இந்த வண்டியின் திருப்பம் மிகவும் கூர்மையாகிவிடுகிறது. கைப்பிடியை இறுகப் பற்றினால் நடுக்கம் அதிகமாகும். விரல்களைத் தளர்வாக வைத்திருப்பதே நல்லது.

காலைப் பெடலோடு பிணைக்காமல் இந்த வண்டியை ஓட்டவே கூடாது. ஓடும்போது பாதம் நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னே போய்க் காலை அடியில் இழுத்துக்கொள்ளும். கணுக்காலும் முழங்காலும் மோசமாக உடையும். பூட்டும் ஷூவோ, குதிகாலைத் தாங்கும் பட்டையோ, ஏதாவது ஒன்று கட்டாயம். வீட்டு வாசலில் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறேன் என்பவருக்கும் இதே விதிதான்.

உடம்பைப் பொறுத்தவரை, பயணத்தின் மூன்றாம் நாள், நான்காம் நாள் காலைகளில்தான் ட்ரைக்கின் அருமை தெரியும். மணிக்கட்டு மரத்துப்போவதில்லை, கழுத்து வலிப்பதில்லை, உட்காரும் இடத்தில் புண் இல்லை. மறுபடி ஏறி உட்காரத் தயக்கமே வருவதில்லை. வலி அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். பாதம் இதயத்தின் உயரத்துக்கு நெருக்கமாக இருப்பதால் நீண்ட நேரத்தில் கால்விரல்கள் மரத்துப்போகலாம். ஷூவின் அடிப்பூட்டைக் குதிகால் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவைத்தால் குறைகிறது. பெடல் தாங்கும் முன்குழாயின் நீளம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் முழங்கால் உணரும். சாய்ந்து மிதிக்கும் தசைகள் வேறு என்பதால் சாதாரண சைக்கிளில் நன்றாக ஓட்டுகிறவருக்கும் கால் பழகச் சில வாரங்கள் ஆகும். வெயில் நேராகக் கணைக்காலின் முன்பக்கத்திலும் தாடைக்கு அடியிலும் அடிக்கும். மழை மடியில் விழும். முகத்துக்கு மறைப்புள்ள தொப்பி இல்லாமல் மழை நாளில் கண் திறக்க முடியாது. எதிர்க்காற்று மட்டும் நமக்குச் சாதகம். தாழ்வாக, சாய்ந்து இருப்பதால் மற்றவர்கள் குனிந்து போராடும் காற்றில் நாம் நம் பாட்டுக்குப் போகலாம்.

இவ்வளவு நல்ல வண்டி என்றால் ஏன் எங்கும் காணோம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்ந்து ஓட்டும் இரண்டு சக்கர வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைத் தாண்டி, 1914 முதல் நின்றிருந்த சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இத்தகைய வண்டிகளை அதிகாரபூர்வப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. பந்தயத்தில் இல்லாதது கடைக்கும் வரவில்லை, பெரிய அளவில் செய்யப்படவும் இல்லை. இந்தக் குடும்பத்து வண்டிகளில் பல இன்றும் சிறு நிறுவனங்களின் கைவேலையாக, விலை அதிகமாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

சாலையில் நம் தலை கார்க் கண்ணாடியின் உயரத்தில் இருக்கும். உயரமான கொடி, பகலிலும் எரியும் பின்விளக்கு, இருபக்கமும் கண்ணாடி ஆகியவை இல்லாமல் நான் கிளம்புவதில்லை. திரும்பிப் பார்ப்பது கடினம் என்பதால் கண்ணாடிகளே கண். மறைவான சந்திப்புகளில் கவனம் தேவை: நம் கண் சாலையைப் பார்ப்பதற்கு முன்பே நம் பாதங்கள் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே போயிருக்கும். மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் ஓடுவதால் குழிகளை விலக்குவதும் தனிக்கலை. முன்சக்கரங்களுக்கு நடுவே தப்பவிட்ட குழியில் பின்சக்கரம் நேராக இறங்கும்.

குறைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது, ஓட்டாத நேரத்தில் இந்த வண்டியைக் கையாள்வது. அகலம் 80 சென்டிமீட்டர் அளவு. சைக்கிள் பாதையில் குறுக்கே நட்டிருக்கும் தூண்களுக்கு இடையில் நுழையாமல் போகும் இடங்கள் உண்டு. வண்டி மட்டுமே 15 முதல் 20 கிலோ. சுமையோடு ஒரு படி ஏற்றுவதற்குக்கூட எல்லாவற்றையும் கழற்றவேண்டும். ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்றுவது ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே பேசி முடிக்கவேண்டிய காரியம். மடிக்கும் வகைகள் காரின் பின்பகுதியில் அடங்கும். கையில் தூக்கிப்போகும் அளவுக்குச் சிறிதாகாது. மாடியில் குடியிருந்து, கீழே பூட்டிவைக்க இடம் இல்லாதவருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வாங்க நினைப்பவர் வெறும் வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். இரண்டு பக்கப் பைகளிலும் தண்ணீர்க் குப்பிகளை நிரப்பி, உங்களுக்குத் தெரிந்த செங்குத்தான ஏற்றம் ஒன்றின் நடுவில் நின்று மறுபடி கிளப்பிப் பாருங்கள். மிகச் சிறிய கியரில் கால் நிதானமாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். அதே சரிவில் இறங்கி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இருக்கையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் சற்று உயரமான இருக்கை உள்ள வகையைத் தேடுங்கள். ஒரு நாள் பயணத்தில் அதே இருக்கையிலிருந்து எத்தனையோ முறை எழவேண்டியிருக்கும்.