பாதுகாப்பான தளங்களைத் தடுக்கும் உலாவி: பழைய கணினிகளில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஏப்ரல் பிறந்தால் கோலாலம்பூரில் பல வீடுகளில் அலமாரியில் கிடந்த பழைய மடிக்கணினி மேசைக்கு வந்துவிடும். சம்பளக்காரர்கள் தங்கள் வருமான வரிப் படிவமான பிஇ பாரத்தை வரித் துறையின் மைடெக்ஸ் தளத்தில் அனுப்பும் காலம் அது. கணினி திறக்கும், வைஃபையும் கிடைக்கும். ஆனால் வரித் தளம், வங்கித் தளம் எதற்குப் போனாலும் சிவப்பு முக்கோணத்தோடு ஓர் எச்சரிக்கைப் பக்கம் வந்து நிற்கும். உடனே பெரும்பாலோர் உலாவியை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள், அல்லது ‘எஸ்எஸ்எல் ஃபிக்ஸர்’ என்று ஏதோ ஒன்றை இறக்குகிறார்கள். முதலாவது நேர விரயம். இரண்டாவது ஆபத்து.

விண்டோஸ் 7, 10 கணினிகளிலும் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் குரோமையும் ஃபயர்ஃபாக்ஸையும் ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: இந்தத் தடையில் உலாவியின் மேல் தவறு இருப்பது மிக அரிது. ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழைக் காட்டும், அதை உலாவி சரிபார்க்கும். கடிகாரம், மூலச் சான்றிதழ்ப் பட்டியல் (சான்றிதழ் வழங்குவோரில் யாரை நம்பலாம் என்ற பட்டியல்), ஆண்டிவைரஸ், நெட்வொர்க் ஆகிய நான்கில் ஒன்றுதான் அது தவறக் காரணமாக இருக்கும். எது என்பதை அந்த எச்சரிக்கைப் பக்கமே சொல்லிவிடும். அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

குரோமில் எச்சரிக்கை வாசகத்துக்குக் கீழே சாம்பல் நிறச் சிறிய எழுத்தில் ‘நெட் எர்ர் செர்ட்’ என்று தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும். அந்த எழுத்தின் மேலேயே கிளிக் செய்யுங்கள். சான்றிதழ் யாருக்கு வழங்கப்பட்டது, வழங்கியவர் யார், எப்போது காலாவதியாகிறது, இந்தக் கணினியின் கணக்கில் இன்று என்ன தேதி என்று நான்கு வரிகள் விரியும். ஃபயர்ஃபாக்ஸில் ‘அட்வான்ஸ்ட்’ பொத்தானை அழுத்தி, ‘வியூ செர்டிஃபிகேட்’ என்பதைத் திறந்தால் சான்றிதழின் விவரம் கிடைக்கும். வழங்கியவர் பெயரும் இன்றைய தேதியும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

குறியீடு ‘டேட் இன்வேலிட்’ என்று முடிந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கணினியின் தேதி 2015இல் நின்றால், இந்த ஆண்டு வழங்கப்பட்ட சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை. மேசைக் கணினியில் இதற்குக் காரணம் பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி. புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், மல்டிமீட்டரில் 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம்.

விண்டோஸ் தானாகவே இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளுமே என்று கேட்பார்கள். எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒரு வரம்புக்குள். வீட்டுக் கணினிகளில் அந்தச் சேவையின் இயல்பு வரம்பு 54,000 விநாடி, அதாவது 15 மணி நேரம். வித்தியாசம் அதற்கு மேல் போனால் அது நேரத்தைத் தொடாது. ஆகவே ஆண்டுக்கணக்கில் பின்தங்கிய கணினியில் ‘சிங்க் நவ்’ பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. ‘டைம் அண்ட் லேங்குவேஜ்’ அமைப்புக்குப் போய், தானியங்கி நேரத்தை நிறுத்தி, தேதியைக் கையால் இன்றைக்கு மாற்றி, பிறகு தானியங்கியைத் திரும்பப் போட்டு ‘சிங்க் நவ்’ அழுத்த வேண்டும். இந்த வரிசை முக்கியம்.

பேட்டரி மாற்றும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் குறி உள்ள பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். மடிக்கணினியில் பெரும்பாலும் அது இரண்டு கம்பியும் சின்ன இணைப்பானும் சேர்ந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். பழையதைக் கழற்றி, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குக் கையோடு கொண்டுபோய் அதே இணைப்பான் உள்ளதாகப் பார்த்து வாங்குவதே நல்லது. பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு அழியலாம். பிட்லாக்கர் என்னும் வட்டுப் பூட்டு போட்ட கணினி என்றால் அடுத்த முறை திறக்கும்போது மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை முன்கூட்டியே எடுத்து வைக்காமல் மூடியைத் திறக்காதீர்கள்.

நேர மண்டலத்தில் ஒளிந்திருக்கும் சிக்கல் இன்னொன்று. சென்னையிலிருந்து வந்த மடிக்கணினியில் மண்டலம் இந்தியாவிலேயே இருக்க, முள்ளை மட்டும் கோலாலம்பூர் நேரத்துக்குத் திருப்பியிருப்பார்கள். பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் சான்றிதழ்கள் உலகப் பொது நேரத்தில்தான் சரிபார்க்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் இந்தக் கணினி இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். நாளைக்கு முடியும் சான்றிதழில் இது கண்ணில் படாது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் முடியவிருக்கும் சான்றிதழில் மாட்டிக்கொள்ளும். மண்டலத்தைக் ‘கோலாலம்பூர், சிங்கப்பூர்’ என்று மாற்றிவிட்டு நேரத்தைத் திருத்துங்கள். சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது: 2020 செப்டம்பர் முதல் அதிகபட்சம் 398 நாள், 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச்சில் 47 நாள். கடிகாரம் தவறிய கணினிகளுக்கு இனி இன்னும் சிரமம்தான்.

‘அத்தாரிட்டி இன்வேலிட்’ என்றால், வழங்கியவரைக் கணினிக்குத் தெரியவில்லை என்று பொருள். இங்கே இரண்டு உலாவிகளுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் நம்பகமான மூலச் சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னோடே கொண்டுவருகிறது. குரோம் வெகுகாலம் இயங்குதளத்தின் பட்டியலையே சார்ந்திருந்தது. 2022இல் 105ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸிலும் மேக்கிலும் படிப்படியாகச் சொந்தப் பட்டியலுக்கு மாறியது. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழான டிஎஸ்டி ரூட் எக்ஸ்3, 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வைத்த தளங்கள் பல பழைய மேக்குகளில் சஃபாரியில் நின்றுபோயின. அதே கணினியில் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தன. 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டுக்குத் தற்காலிகமாகக் கிடைத்த குறுக்குக் கையெழுத்தும் (பழைய மூலச் சான்றிதழ் புதியதற்குத் தந்த ஒப்புதல்) 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அத்தகைய கைப்பேசியை வைத்திருந்தவர்களுக்கு 2025 வரை ஃபயர்ஃபாக்ஸ்தான் எளிய வழியாக இருந்தது, அதுவும் செய்தி படிக்க மட்டும்.

விண்டோஸில் பிற செயலிகள் இதனால் நின்றால், விண்டோஸ் அப்டேட் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘கணினியை வேகப்படுத்தும்’ இலவச மென்பொருள்கள் அதை நிறுத்திவிடுகின்றன. புதிய மூலச் சான்றிதழ்கள் அந்த வழியாகத்தான் வந்து சேரும். கையால் போட வேண்டிய நிலை வந்தால், லெட்ஸ் என்கிரிப்டின் இப்போதைய மூலச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து, சரியாக வேலை செய்யும் வேறொரு கணினியில் இறக்குங்கள். நிறுவும்போது ‘லோக்கல் மெஷின்’ தேர்ந்தெடுத்து, இடத்தைத் தானாகத் தேர்வு செய்ய விடாமல் ‘டிரஸ்டட் ரூட் செர்டிஃபிகேஷன் அத்தாரிட்டீஸ்’ என்பதை நீங்களே காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழ் 2035 ஜூன் வரை செல்லும். வேறு எவரோ அனுப்பிய மூலச் சான்றிதழை ஒருபோதும் நிறுவாதீர்கள். அது உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் வழங்கியவர் வரியில் ஒரே ஆண்டிவைரஸின் பெயர் நிற்கிறதா? அப்படியானால் அது உங்கள் போக்குவரத்தை நடுவில் பிரித்துப் படித்துவிட்டுத் தன் சான்றிதழைப் போட்டு அனுப்புகிறது. அதன் மூலச் சான்றிதழ் பட்டியலில் இல்லாமல் போனால் எல்லாத் தளங்களும் ஒன்றாக நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் இதற்கென்று ‘எம்ஐடிஎம் டிடெக்டட்’ (நடுவில் ஒருவர் புகுந்திருக்கிறார்) என்று தனிக் குறியீடே காட்டும். ஆண்டிவைரஸ் அமைப்பில் இந்த வேலையைச் செய்யும் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்கை நிறுத்தி, உலாவியை மூடித் திறங்கள். சோதனைக் காலம் முடிந்த ஆண்டிவைரஸ் என்றால் அதை நீக்கிவிடுங்கள், அந்நிறுவனத்தின் நீக்கும் கருவியைக் கொண்டே. அலுவலக மடிக்கணினியில் இதே அறிகுறி தெரிந்தால் அது அலுவலகத்தின் ஏற்பாடாக இருக்கலாம். ஐடி பிரிவைக் கேளுங்கள்.

‘காமன் நேம் இன்வேலிட்’ வந்தால், அதாவது சான்றிதழில் உள்ள பெயர் தளத்தின் பெயரோடு பொருந்தாவிட்டால், நெட்வொர்க்கைச் சந்தேகியுங்கள். பேரங்காடி, விமான நிலைய வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் திறக்கும் முன்பே வங்கித் தளத்தை அடித்தால் இதுதான் நடக்கும். பாதுகாப்பு இல்லாத சாதாரணத் தளம் ஒன்றைத் திறந்தால் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் இதற்காகவே இருக்கிறது. வங்கி வேலைக்கு மொபைல் டேட்டாவே மேல். முடக்கப்பட்ட தளங்களுக்கு இணையச் சேவை நிறுவனங்கள் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) வழியாக வேறு முகவரி கொடுக்கும்போதும் இதே குறியீடு வரும், ஏனென்றால் அந்தச் சர்வரிடம் நாம் கேட்ட தளத்தின் சான்றிதழ் இருக்காது. 2024 செப்டம்பரில் கூகுள், கிளவுட்ஃபிளேர் டிஎன்எஸ் கேள்விகளையும் உள்ளூருக்குத் திருப்பும் திட்டம் வந்து, எதிர்ப்புக்குப் பின் 8ஆம் தேதி கைவிடப்பட்டது நினைவிருக்கலாம். ஆனால் வங்கித் தளமே வீட்டு வைஃபையில் இப்படி நின்று, மொபைல் டேட்டாவில் திறந்தால் விஷயம் வேறு. ரவுட்டரின் டிஎன்எஸ் முகவரியை யாரோ மாற்றியிருக்கலாம். ரவுட்டரை ரீசெட் செய்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தானை வீட்டு ரவுட்டரின் சொந்த அமைப்புப் பக்கத்தில் மட்டும் அழுத்தலாம். அதன் சான்றிதழ் அதுவே எழுதிக்கொண்டது. எச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்க வேண்டும் என்ற கட்டளை) வைத்த தளங்களில் அந்தப் பொத்தானே வராது, அது நல்லதுக்குத்தான். குரோமில் அதையும் தாண்டத் தட்டச்சு செய்யும் ரகசியச் சொல் ஒன்று இணையத்தில் உலவுகிறது. வங்கித் தளத்தில் அதைத் தொடாதீர்கள். எச்சரிக்கையைத் தாண்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்து, பணமும் போயிருந்தால் உடனே வங்கியையும், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள்.

நீண்டகாலப் பயன்பாட்டில் பழைய கணினிக்கு எங்கள் தேர்வு ஃபயர்ஃபாக்ஸ். விண்டோஸ் 7இல் குரோம் 109ஓடு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) அதற்குப் பின்னும் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற்றது. 115.13க்கு முந்தையதை வைத்திருந்தால் கட்டாயம் புதுப்பியுங்கள். அதனுள் இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14 அன்று காலாவதியாகி, துணைநிரல்கள் செயலிழக்கக் காரணமானது. இவ்வளவு செய்தாலும் விண்டோஸ் 7இல் வரி, வங்கி வேலை வேண்டாம். 4 ஜிபி ராம் உள்ள அதே கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் புதிய ஃபயர்ஃபாக்ஸும் புதிய சான்றிதழ்ப் பட்டியலும் கிடைக்கும். மைடெக்ஸுக்கு அது தாராளமாகப் போதும்.