13பி ரொட்டரிக்கு பிளானட்டரி கியர்பெட்டி: 2.17 வாங்குவதா, 2.85 வாங்குவதா?

வீட்டில் கட்டும் விமானத்துக்கு மஸ்டா 13பி என்ற ரொட்டரி (பிஸ்டனுக்குப் பதில் சுழலி கொண்ட) எஞ்சினைத் தெரிவுசெய்தவருக்கு, சுற்றைக் குறைத்து ப்ரொப்பெலருக்குக் கொடுக்கும் ரிடக்ஷன் கியர் கட்டாயம். இந்த எஞ்சின் தன் முழுச் சக்தியையும் நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு மேலேதான் தரும். ப்ரொப்பெலரோ 2700 சுற்றை வெகுவாகத் தாண்டினால் இரைச்சல்தான் கூடும். ரியல் வேர்ல்ட் சொல்யூஷன்ஸ் செய்த ஆர்டி-1பி (எஞ்சின் 2.17 சுற்றுக்கு ப்ரொப்பெலர் ஒன்று), ஆர்டி-1சி (2.85) என்ற இரண்டு பெட்டிகளாலும் இந்த இரண்டு விகிதங்களும் ரொட்டரிக்காரரிடையே பழகிப்போனவை. எங்கள் முடிவு இதுதான்: கொழும்பின் வெக்கையில் பறக்கப் போகிறவர் 2.85 எடுக்கட்டும். ப்ரொப்பெலருக்கும் தரைக்கும் இடைவெளி போதாத விமானம் என்றால் மட்டும் 2.17.

கணக்கைப் பாருங்கள். 2.17 பெட்டியில் எஞ்சின் 6000 ஓடினால் ப்ரொப்பெலர் 2765. 68 அங்குல விட்டமுள்ள ப்ரொப்பெலரின் இலை நுனி விநாடிக்கு 250 மீற்றர் போகும். 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் சுமார் 349 மீற்றர் என்பதால் இது பிரச்சினையில்லை. ஆனால் அதே எஞ்சினை 7500க்குத் தூக்கினால் நுனி 312 மீற்றரைத் தொடும். ஒலி வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு அது, சக்தியெல்லாம் சத்தமாகிவிடும். 2.85இல் அதே 7500க்கு ப்ரொப்பெலர் 2632தான். 74 அங்குல விட்டமுள்ள ப்ரொப்பெலர் போட்டாலும் நுனி 259 மீற்றர். பெரிய இலை மெதுவாகச் சுற்றினால் ஏற்றம் நன்றாக வரும். சூடான, ஈரமான காற்றில் ஓடுபாதையை விட்டு எழும்ப அந்த ஏற்றம்தான் தேவை.

பிளானட்டரி பெட்டியின் நடுவில் சன் கியர், அதைச் சுற்றிச் சிறிய பிளானட் கியர்கள், அவற்றைத் தாங்கும் கேரியர், வெளியே உட்பக்கம் பற்கள் கொண்ட ரிங். விகிதத்தைக் கேட்டதோடு நிற்காமல், எந்தப் பாகம் அசையாமல் நிற்கிறது என்றும் விற்பவரிடம் கேளுங்கள். சன் கியரில் எஞ்சினைக் கொடுத்து, ரிங்கை நிறுத்தி, கேரியரில் ப்ரொப்பெலரைப் பூட்டினால் திசை மாறாது. விமானி இருக்கையிலிருந்து பார்க்க வலஞ்சுழிதான், சாதாரண ப்ரொப்பெலர் பொருந்தும். கேரியரை நிறுத்தி ரிங்கில் எடுத்தால் திசை திரும்பும். இடஞ்சுழி ப்ரொப்பெலர் தேட வேண்டும். அதன் விலையும் காத்திருப்பும் வேறு. ரிங் பற்களை சன் பற்களால் வகுத்து 2.17 வரும் ஒரு செட்டில், கேரியர் நின்றால் விகிதம் 2.17, ரிங் நின்றால் 3.17. ஒரே செட், இரண்டு வேறு பெட்டிகள்.

இனி, எது தேயும் என்பது. காரின் ஓட்டோ கியர்பெட்டியில் இந்தச் சிறிய பிளானட் கியர்கள் எந்நேரமும் முழுச் சுமையில் சுழல்வதில்லை. விமானத்தில் புறப்பட்டதிலிருந்து இறங்கும் வரை ஓய்வே கிடையாது. ரிங்கை நிறுத்தி 2.85 எடுக்கும் அமைப்பில் எஞ்சின் 7500 ஓடும்போது ஒவ்வொரு பிளானட்டும் தன் அச்சு ஊசிமேல் கிட்டத்தட்ட 11,450 சுற்று ஓடும். நீடில் பெயாரிங்குக்கும் இரு பக்கத் த்ரஸ்ட் வொஷருக்கும் ஒயில் அழுத்தத்தோடு போகாவிட்டால் முதலில் சூட்டில் நீலம் பாய்வது அந்த ஊசிகளில்தான். ஒயில் ஊட்டும் குழாயில் சிறிய ஜெட் இருக்கட்டும். வடியும் குழாய் அதைவிடப் பல மடங்கு பெரிதாக, வளைவில்லாமல் சம்ப்புக்கு (அடி ஒயில் தொட்டிக்கு) இறங்கட்டும். வடிகால் சிறுத்தால் கியர்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும், வெப்பம் ஏறும். 200 குதிரைச் சக்தியில் ஒன்றிரண்டு வீதம் இழந்தாலே 1.5 முதல் 3 கிலோவாட் வெப்பம். எஞ்சின் ஒயிலையே பெட்டிக்கும் விடுவதானால் கூலரைத் தெரிவுசெய்யும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வடிகாலில் காந்த ப்ளக் போடுங்கள், கியர்த் தூள் எஞ்சினுக்குள் போகக் கூடாது.

ரிங்கைப் பிடித்து வைத்திருப்பதும் லேசான வேலையல்ல. 7500இல் 200 குதிரைச் சக்தி என்றால் எஞ்சின் முறுக்கு 190 நியூட்டன் மீற்றர். ப்ரொப்பெலர் பக்கம் 541. மிச்சம் 351ஐ ரிங் தாங்குகிறது. போல்ட்டின் இறுக்கத்தை மட்டும் நம்பியிருக்கும் பெட்டியை வாங்காதீர்கள். டவல் ஊசி (பாகங்கள் நகராமல் துளையில் இறங்கும் உருளை) அல்லது ஸ்ப்ளைன் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் நீளப் பற்கள்) கட்டாயம்.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே அதிர்வைத் தணிக்கும் டாம்பர் தட்டு பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. 13பி ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதைக்கும். 1500இல் விநாடிக்கு 50. மென்மையான ஸ்பிரிங் டாம்பர் அதிர்வின் உச்சத்தை ஐட்லுக்குக் (சுமையின்றி மெதுவாக ஓடும் வேகத்துக்குக்) கீழே தள்ளிவிடும். ஐட்லை 900க்கு இறக்கினால் அந்த உச்சத்திலேயே நின்று ஓடும் ஆபத்து உண்டு. பெட்டி கடகடவென்று தட்டுவதுதான் அடையாளம். கனமான உலோக ப்ரொப்பெலர் பூட்ட முன் செய்தவரின் நிறை வரம்பைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பூட்டும்போது டயல் கேஜ் இல்லாமல் தொடங்க வேண்டாம். பெட்டி போட முன் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டை (எஞ்சினின் பிரதான தண்டை) முன்னும் பின்னும் தள்ளி இடைவெளியை அளவிடுங்கள், 0.04 முதல் 0.07 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பெட்டியைப் பூட்டிய பின் எஞ்சினின் மறுமுனையில், பெல்ட் கப்பிப் பக்கம் கேஜை வைத்துத் திரும்ப அளவிடுங்கள். அளவு குறைந்திருந்தால் சன் ஷாஃப்ட் டாம்பர் ஹப்பில் முட்டுகிறது. அப்படியே ஓட்டினால் எஞ்சினின் த்ரஸ்ட் பெயாரிங் போய்விடும். சாய்ந்த பல் கியர்கள் அச்சுவழியே தள்ளும் என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். அடாப்டர் தட்டின் மையம் 0.13 மில்லிமீற்றருக்கு மேல் விலகினாலும் திரும்ப லேத்துக்குத்தான்.

பஞ்சிகாவத்தையில் கழற்றிய ஜப்பான் ஓட்டோ கியர்பெட்டிகள் தாராளமாகக் கிடைக்கும், பிளானட்டரி செட்டைத் தனியாகவும் கேட்டு வாங்கலாம். தரையில் நின்று ஓட்டும் சோதனை மேடைக்கு அது நல்ல சாமான். பற்களில் குழி விழுந்திருக்கிறதா, பிளானட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் தளர்வு தெரிகிறதா, ஊசியில் நீலம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து எடுங்கள். எவ்வளவு ஓடியது என்று யாரும் சொல்ல முடியாத அந்தச் செட்டை இரத்மலானையிலிருந்து எழும்பப் போகும் விமானத்தில் போடாதீர்கள். பறக்கும் பெட்டிக்குப் புதிய பிளானட், புதிய ஊசி, புதிய வொஷர். அவற்றின் பற்றுச்சீட்டையும் அளவுக் குறிப்பையும் விமானக் கோப்பிலேயே வையுங்கள், சிவில் விமான சேவை அதிகாரசபையின் பரிசோதகர் கேட்டால் காட்ட அவை வேண்டும்.