கன்னிமாராவா, அண்ணா நூலகமா?

சின்ன வயசுல அப்பா கையப் புடிச்சிட்டு சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போன ஆளு நான், இப்போ என் பொண்ண கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், ரெண்டையும் ஒப்பிடாம இருக்க முடியல. கன்னிமாரா 1896ல திறந்தது, அந்தப் பழைய ஹால்ல கலர் கண்ணாடி வழியா வெயில் தேக்கு அலமாரி மேல விழும் பாருங்க, பேச்சு மூச்சில்லாம அண்ணாந்து பாத்துட்டே நிப்பேன். நாட்டுல அச்சாகுற புக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு காப்பி சட்டப்படி இங்க வந்தாகணும், அப்படிப்பட்ட லைப்ரரி இந்தியாவுலயே நாலுதான், அதனால பழைய புக்கு தேடுறவங்களுக்கு இதுக்கு ஈடே கிடையாது.

ஆனா குழந்தைங்களுக்கு? யோசிக்கவே வேணாம், அண்ணா நூலகம்தான். 2010ல வந்தது, ஒன்பது மாடி, ஏசி, குழந்தைங்க பிரிவுல பெரிய செயற்கை மரம் ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழ உக்காந்து படப் புக்க புரட்ட ஆரம்பிச்சா என் பொண்ணு எழுந்திரிக்கவே மாட்டா. சொந்த புக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு.

என்னக் கேட்டா, பத்து வயசு வரைக்கும் கோட்டூர்புரம், அப்புறம் கன்னிமாராவுல மெம்பர் ஆக்கி விட்டுடுங்க, வீட்டுக்கே புக்கு எடுத்துட்டு வரலாம்.