கிருஷ்ணகிரியில் மாத்திரை தீர்ந்தபோது

மூன்று வாரம் என்று கிளம்பிய பயணம், அம்மாவின் கண் ஆபரேஷனால் ஆறு வாரமாக நீண்டுவிட்டது. லண்டனிலிருந்து கொண்டுவந்த சுகர் மாத்திரை நான்கு நாளைக்குத்தான் மிச்சம். எனக்கு இரண்டே மாத்திரை: மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும் வகை), ஃபார்சிகா 10.

ரவுண்டானா பக்கம் ஒரு மெடிக்கலில் காலி அட்டைகளைக் காட்டினேன். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கவே இல்லை. "இதுதாண்ணா, எல்லாரும் வாங்குறது" என்று கடைப் பையன் ஓர் அட்டையை நீட்டினான். அதிலும் 500 இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தால், மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 1 மி.கி.யும் சேர்ந்திருக்கிறது!

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. நம் ஊரில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்து விற்பது சர்வசாதாரணம். பெயருக்குப் பின்னால் ஜிபி, எம் என்று ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அம்மாவுக்குப் பழக்கமான டாக்டரிடம் போனேன். என் சுகர் மீட்டரில் காலையில் 8.1 என்றதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பிரிட்டன் கணக்கை 18-ஆல் பெருக்கினால்தான் நம் கணக்கு வரும்: 146. ஃபார்சிகா என்பது கம்பெனி வைத்த பெயர், உள்ளே இருக்கும் மருந்து டாபாகிளிஃப்ளோசின் என்று சொல்லி, இரண்டையும் மருந்துப் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். 2020-இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததிலிருந்து பல கம்பெனிகள் போடுகின்றன, விலையும் இறங்கிவிட்டது.

அந்தச் சீட்டோடு மக்கள் மருந்தகத்துக்குப் போனேன். அங்கே மாத்திரைகளே மருந்துப் பெயரில்தான் வருகின்றன, குழப்பத்துக்கு வேலையில்லை. ஐந்தே நிமிடத்தில் இரண்டும் கைக்கு வந்தன. இங்கிலாந்தில் சுகர் மாத்திரைக்கு நான் காசு கொடுப்பதில்லை என்றாலும், இங்கே கொடுத்த தொகை உறுத்தவில்லை. அடுத்த பயணத்துக்கு மருந்துப் பெயரும் மில்லிகிராமும் எழுதிய தாளைப் பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுவேன். அட்டையை நம்பிப் போனது என் தப்புதான்.

அம்மாவுக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. என்னைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

அக்காதான் முதலில், "எட்டுதானடா இருக்கு, சாப்பிடு" என்று செந்தூரா மாம்பழத்தை நறுக்கி நறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் 18-ஆல் பெருக்கப் பழகிவிட்டாள். தட்டில் ஒரு துண்டுக்கு மேல் விழுவதில்லை.