ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள்: வட சென்னையின் ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளி

எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று அக்கம்பக்கத்துப் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையில் என்னிடம் கேட்கிறார்கள். என் மகள் அங்கே எட்டாம் வகுப்பு முடித்து வெளியே வந்துவிட்டாள். மகன் இப்போது நான்காம் வகுப்பில் படிக்கிறான். நானும் அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தயங்காமல் சேர்க்கலாம் என்றும், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை என்றால் சிலவற்றை நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றும் அவர்களிடம் சொல்லி வருகிறேன். ஒரே சுற்றுச்சுவருக்குள், ஒரே தலைமை ஆசிரியரின் பொறுப்பில் இருந்தும், இவ்விரண்டு பகுதிகளும் இரண்டு வேறு பள்ளிகளைப் போலவே நடக்கின்றன. கீழே சொல்லியிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை அங்கே பணிபுரியும் ஆசிரியர்களின் கையில் இல்லாதவை என்பதால் பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

தொடக்க வகுப்புகளின் சிறப்பு காலை எட்டு மணிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பொங்கல், கிச்சடி, உப்புமா என்று நாளுக்கொன்றாகக் காய்கறிச் சாம்பாருடன் தருகிறார்கள். வீட்டு வேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும் தாய்மார்கள் எங்கள் பகுதியில் அதிகம். முன்பெல்லாம் அவர்களுடைய பிள்ளைகள் தேநீரும் பொறையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து, பதினொரு மணிக்குள் சோர்ந்து மேசையில் தலை சாய்ப்பார்கள் என்று ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் என்னிடம் சொன்னார். இப்போது வருகைப் பதிவு கூடியிருக்கிறது, தாமதமாக வருவதும் குறைந்திருக்கிறது என்பது அவருடைய அனுபவம். உணவின் சுவை எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கிச்சடி சில நாட்களில் ஆறிப்போய்க் கட்டியாக இருக்கும் என்று என் மகனே குறை சொல்வான். அப்படியும், இந்தப் பள்ளியைப் பற்றிப் பெற்றோர் முதலில் நன்றியோடு சொல்லும் செய்தி இதுவாகத்தான் இருக்கிறது.

மதிய உணவுக்கு இந்த நகரத்தில் ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு வழங்கத் தீர்மானம் நிறைவேற்றியது. பின்னாளில் காமராசர் காலத்திலும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் மாநிலம் முழுவதும் பரவிய திட்டத்துக்கு முன்னோடி, நம் பிள்ளைகள் படிக்கும் இதே மாநகராட்சிப் பள்ளிகள்தாம். எங்கள் பள்ளியின் சத்துணவுக் கூடம் சுத்தமாக இருக்கிறது. முட்டை தவறாமல் கிடைக்கிறது. தட்டு கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்குவதைத் தவிர அங்கே சொல்லத்தக்க குறை எதுவும் இல்லை.

கற்பித்தலைப் பற்றிப் பெற்றோரிடையே இரண்டு கருத்துகள் இருக்கின்றன. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ முறையில், பிள்ளைகளை அவர்கள் எட்டியிருக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடலும் அட்டையும் விளையாட்டுமாகச் சொல்லித் தருகிறார்கள். கொரோனா காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் மெட்ரிக் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இங்கே மாற்றிய பெற்றோர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பக்கம் பக்கமாக வீட்டுப்பாடம் எழுதியதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள், “பாட்டுப் பாடுறாங்க, ஆடுறாங்க, எப்ப மிஸ் எழுத வெப்பாங்க?” என்று ஒரு தாய் குழுக் கூட்டத்திலேயே கேட்டார். என் மகன் இரண்டாம் வகுப்பு முடியும்போது கடைப் பலகைகளையும் பேருந்தின் பெயர்ப் பலகையையும் தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தான். அதே வயதில் கட்டணப் பள்ளியில் படித்த என் தங்கை மகள், மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பித்தாளே தவிர, அவள் முன்பு பார்த்திராத ஒரு வரியைக் கொடுத்தால் திணறினாள். இரண்டு குழந்தைகளை வைத்து ஒரு முறையை எடைபோட முடியாது என்பதை அறிவேன். வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்த பிறகும் என் நம்பிக்கை கூடத்தான் செய்தது. ஒரே ஆசிரியை மூன்று நிலைகளையும், சில நாட்களில் இரண்டு வகுப்புகளையும் சேர்த்துக் கவனிக்கும்போதுதான் இம்முறை தடுமாறுகிறது. அத்தோடு பள்ளிக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ என்ற தகவல் பதிவுச் செயலியில் மதிப்பீடுகளைப் பதிவேற்றும் வேலையும் சேர்ந்துகொள்ள, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஆசிரியை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது.

இந்தப் பள்ளியில் நான் மிகவும் மதிப்பது, வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளை அது ஏற்றுக்கொண்ட விதம். கட்டடப் பணிக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாத் தொடக்க வகுப்புகளிலும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் போன்ற தாள்கள் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததில்லை. சேர்த்துக்கொண்டு, தாள்களைப் பிறகு தேடித் தர உதவுகிறார்கள். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் சொல்வதை, அவர்கள் சட்டமாக எண்ணாமல் வழக்கமாகவே கடைப்பிடிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை, தமிழ் தெரியாமல் வந்த ஒரு சிறுமியை நன்றாகப் பேசக்கூடிய மாணவி ஒருத்தியின் அருகில் ஆண்டு முழுவதும் உட்கார வைத்தார். அந்தச் சிறுமி இப்போது தன் அம்மாவுக்காகக் கடைக்காரரிடம் பேரம் பேசுகிறாள்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பிறகு வருவதை இனிச் சொல்ல வேண்டும். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஏப்ரல் வரை தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளை, ஜூன் மாதத்தில் அதே வளாகத்தில் அதே மணத்தை முகர்ந்துகொண்டு வகுப்புக்குப் போக வேண்டும். பத்து வயதுவரை இருந்த பசி பதினோரு வயதில் தீர்ந்துவிடுவதில்லை. வளரும் பருவத்தில் அது கூடவே செய்கிறது. தம்பி சாப்பிடும்போது வெளியே நின்று காத்திருக்கும் அக்காக்களையும் அண்ணன்களையும் நான் தினமும் பார்க்கிறேன். மீதமாகும் நாட்களில் பணியாளர்கள் அவர்களையும் கூப்பிட்டுக் கொடுப்பது அவர்களுடைய நல்ல மனது. மீதமானால் மட்டுமே கிடைக்கும் உணவை ஒரு மாணவியின் உரிமையாக எடுத்துக்கொள்ள முடியாது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை காலை உணவு தர வேண்டும் என்று எங்கள் குழு தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் குழுவும் இதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது ஆசிரியர் பணியிடம். மேல் வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும், அவர்களில் அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும் என்று கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை வரையறுக்கிறது. என் மகள் ஏழாம் வகுப்பில் படித்தபோது கணிதம் நடத்திய பட்டதாரி ஆசிரியர் இடமாறுதலில் சென்றார்; அந்த இடம் ஆண்டின் பெரும்பகுதி காலியாகவே இருந்தது. சமூக அறிவியல் ஆசிரியர் தம் பாடத்தோடு கணிதத்தையும் சுமந்தார். அவர் உழைத்தார் என்பதில் ஐயமில்லை. அவர் வீட்டில் தயாரித்துக்கொண்டு வந்து நடத்தினார் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். ஆனால் இயற்கணிதம் முதன்முதலாக அறிமுகமாகும் வயதில் அதற்கென்று பயின்ற ஆசிரியர் இல்லாத இழப்பை எட்டாம் வகுப்பிலும் ஈடுசெய்ய முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் புதிய பள்ளிக்குப் போன என் மகள், அந்த ஆண்டின் பாடத்தோடு பழைய பாடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. அவளோடு படித்த மாணவர்களைக் கேட்டபோது, அறிவியல் வகுப்பையும் அரசுப் பள்ளிகளில் செய்து பார்த்துக் கற்பதற்கான ‘வானவில் மன்றம்’ திட்டத்தின் சோதனைகளையும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தவர்கள், கணிதம் என்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நல்ல ஆசிரியர் இருந்த பாடத்திலும் ஆசிரியரே இல்லாத பாடத்திலும் அதே பிள்ளைகள்தாம் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றிப் பேசுவதற்குக் கூட்டத்தில் பலர் கூச்சப்படுகிறார்கள், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். தொடக்க வகுப்புக் கழிப்பறை நாளுக்கொரு முறை சுத்தம் செய்யப்படுகிறது. மேல் வகுப்பு மாணவிகளுக்கான கழிப்பறையில், என் மகள் படித்த காலத்தில், இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பிற்பகலில் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அதனால் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள்; மாதவிலக்கு நாட்களில் சிலர் பள்ளிக்கே வர மாட்டார்கள். நாப்கின் பள்ளியிலேயே இலவசமாகக் கிடைத்தது. மாற்றிக்கொள்வதற்கு நீரும் தாழ்ப்பாளும் உள்ள இடம் கிடைக்கவில்லை. விடுப்புக்கு வயிற்றுவலி என்று எழுதி அனுப்பிய கடிதங்களின் உண்மைக் காரணம் இதுவே என்று தாய்மார்கள் ஒருவரோடொருவர் பேசிய பிறகுதான் எங்களுக்கே முழுமையாகப் புரிந்தது.

இந்தக் குறைகள் தீரத் தொடங்கியது மேலாண்மைக் குழுவின் வழியாக. குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பள்ளியில் பல ஆண்டுகள் அது கையெழுத்துக்காக மட்டுமே கூடியது. 2022இல் தமிழகம் முழுவதும் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்ட பிறகே உண்மையான கூட்டம் நடக்கத் தொடங்கியது. தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி, பிற்பகலில் இரண்டாம் முறை சுத்தம் செய்தல் ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதி, மாமன்ற உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் நேரில் கொடுத்தோம். தாழ்ப்பாளும் தொட்டியும் வந்துவிட்டன. இரண்டாம் முறை சுத்தம் செய்வது சில மாதம் நடக்கும், சில மாதம் நிற்கும். கூட்டத்தில் பெற்றோர் எண்ணிக்கை குறையும் மாதங்களில்தான் அது நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டம் வேலை நாளில் நடப்பதால் தினக்கூலிக்குச் செல்பவர்கள் ஒரு நாள் ஊதியத்தை இழந்தே வர வேண்டியிருக்கிறது. மாலையில் நடத்தினால் இரு மடங்கு பேர் வருவார்கள்.

நூலகம் சிறியது, ஆனால் பூட்டி வைப்பதில்லை. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வந்த அன்றே பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. விளையாட்டு மைதானம் என்று சொல்லத்தக்க இடம் இல்லை. பள்ளி முகப்பிலுள்ள சிமென்ட் தரையில்தான் கபடி கற்கிறார்கள், முழங்காலில் சிராய்ப்பு இல்லாத பையனைப் பார்ப்பது அரிது.

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ப்பவர்கள் பலர் ஒரு கணக்கோடு வருகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அதே ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கிடுகிறது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இவை பொருந்தும். இந்தக் கணக்கில் தவறில்லை. இருந்தாலும், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் கணிதமும் அறிவியலும் உறுதியாக அமையாத பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வரும் ஒதுக்கீடு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கப் போகிறவர்கள் தலைமை ஆசிரியரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றுக்குப் பட்டதாரி ஆசிரியர்கள் இப்போது பணியில் இருக்கிறார்களா, காலியிடம் இருந்தால் அதுவரை யார் நடத்துகிறார், எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் இவற்றுக்கு மழுப்பாமல் பதில் சொல்வார். மூன்றாவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளி என்பதால், மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளி தேடும் அந்தக் கோடையில்தான் படிப்பை நிறுத்துபவர்கள் நிறுத்துகிறார்கள். என் மகளின் வகுப்பில் இரண்டு சிறுவர்கள் அப்படி நின்று, ஒருவன் இருசக்கர வாகனப் பட்டறைக்குப் போய்விட்டான். கடந்த ஆண்டு முதல், எட்டாம் வகுப்பு மாணவர்களைப் பிப்ரவரியிலேயே அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று காட்டி, மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளிலேயே அங்கே சேர்க்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் தாங்களாகவே தொடங்கியிருக்கிறார்கள். கடந்த ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்த அனைவரும் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தார்கள்.

என் மகன் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது கணித ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருந்தால், அவனை அங்கேயே ஆறாம் வகுப்பில் தொடர வைப்பேன். நிரம்பவில்லை என்றால், பேருந்தில் போக வேண்டிய தொலைவானாலும் மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றிவிடுவேன். இதைத் தலைமை ஆசிரியரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பணியிடத்தைக் கேட்டு அனுப்பும் அடுத்த தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.